முதலில் குரு, பிறகு சீருடை



மே மாதம் பிறந்துவிட்டால் நம் பங்குகளுக்கு ஒரு தனிக் களை வந்துவிடும். குருமடத்தில் படிக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வீடு திரும்புவார்கள். காலைத் திருப்பலியில் பீடத்தில் உதவி செய்வார்கள். விடுமுறை விவிலியப் பள்ளியில் சிறுவர்களுக்குப் பாட்டும் நாடகமும் கற்றுத் தருவார்கள். முதலாண்டை முடித்து வரும் பிள்ளையைப் பார்த்து ஊர்ப் பெரியவர்கள், "என்ன பிரதர், குருமடம் எப்படி இருக்குது?" என்று வாஞ்சையோடு விசாரிப்பார்கள்.

திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் நடுவே, சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கிறது கூட்டேரிப்பட்டு. சுற்றியுள்ள கிராமத்தார் வெளியூர் செல்ல வந்து நிற்கும் கூட்டுரோடு அது. குருமடத்திற்குப் புறப்படும் பிள்ளையும் இப்படிப்பட்ட ஒரு கூட்டுரோட்டில்தான் பேருந்து ஏறுகிறான். லீவு முடிந்து காஷ்மீருக்கோ அஸ்ஸாமுக்கோ திரும்பும் படைவீரனும் அங்கேதான் பெட்டியோடு நிற்கிறான். இருவரும் வீட்டை விட்டுப் போகிறவர்கள். இருவருக்கும் கீழ்ப்படிதல் உண்டு, ஒழுங்கு உண்டு, மணியடித்தால் எழ வேண்டிய வாழ்க்கை உண்டு.

இந்த இரண்டு பாதைகளும் ஓர் இடத்தில் சந்திக்க முடியுமா? குருமடத்தில் ஓராண்டை முடித்த ஒரு பிள்ளை, "நான் ராணுவ வீரர்களுக்குக் குருவாகப் பணி செய்ய விரும்புகிறேன்" என்று சொன்னால் திருச்சபை அவனுக்கு என்ன வழி காட்டுகிறது? நம் நாட்டில் அதற்கு எப்படித் தயாராவது? இதைப் பற்றி நம் இளைஞர்களிடையே அரைகுறையான தகவல்களே உலவுகின்றன. ஆகவே இதைச் சற்று விரிவாகச் சிந்திப்போம்.

படைவீரரும் நற்செய்தியும்

படைவீரர் என்றதும் துப்பாக்கியும் போரும் நம் நினைவுக்கு வருகின்றன. நற்செய்தியோ அவர்களை மனிதர்களாகப் பார்க்கிறது. திருமுழுக்கு யோவானிடம் படைவீரரும் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள் என லூக்கா 3-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். யோவான் அவர்களை விரட்டவில்லை. யாரையும் மிரட்டிப் பணம் பறிக்காமல், கிடைக்கும் ஊதியத்தில் நிறைவுகொண்டு நேர்மையாக வாழச் சொன்னார். கொர்னேலியு என்ற நூற்றுவர் தலைவர் வீட்டில்தான் பிற இனத்தாருக்குத் திருச்சபையின் கதவு அகலத் திறந்தது என்று திருத்தூதர் பணிகள் 10-ஆம் அதிகாரம் கூறுகிறது.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு திருப்பலியிலும் நற்கருணை வாங்குமுன் நம் தகுதியின்மையை அறிக்கையிட்டு ஒரு செபம் சொல்கிறோம் அல்லவா? அந்தச் செபத்தின் மூலம், கப்பர்நாகூமில் தம் பணியாளருக்காக இயேசுவிடம் மன்றாடிய ஒரு படைத் தலைவரின் சொற்கள். உலகத் திருச்சபை முழுவதும் நாள்தோறும் ஒரு போர்வீரரின் விசுவாசத்தைக் கடன் வாங்கித்தான் நற்கருணை விருந்துக்குச் செல்கிறது. அப்படியிருக்க, பனிமலையில் காவல் நிற்கும் ஒரு கத்தோலிக்க வீரனுக்கு மாதக்கணக்கில் அந்த நற்கருணை கிடைக்கவில்லை என்றால் அது நம் மனத்தை உறுத்த வேண்டாமா?

'சாப்ளின்' என்ற சொல் வந்த கதை

ராணுவத்தில் பணியாற்றும் குருவை ஆங்கிலத்தில் 'சாப்ளின்' என்பர். இந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு படைவீரரின் கதை இருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் உரோமைப் படையில் இருந்த மார்ட்டின், குளிரில் நடுங்கிய ஏழை ஒருவருக்குத் தம் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தார். பின்னாளில் அவர் படையை விட்டு விலகித் துறவியானார், தூர் நகரின் ஆயராகவும் ஆனார். நவம்பர் 11 அவருடைய திருநாள். அந்த மேலங்கியை, இலத்தீனில் 'கப்பா' என்பதை, பிராங்கு அரசர்கள் புனிதப் பொருளாகப் பேணினார்கள். அதைக் காத்த குருக்களுக்கு வந்த பெயரிலிருந்துதான் 'சாப்ளின்' என்ற சொல் பிறந்தது.

நம் நாட்டு ராணுவத்தில் வழங்கும் சொல் 'பாத்ரே'. இது போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தது, தந்தை என்று பொருள். நாம் சொல்லும் 'பாதிரியார்' என்பதும் அதே வேரில் முளைத்ததுதான். ஆக, மேலங்கியைப் பகிர்ந்தவரின் நினைவும் தந்தை என்ற உறவும் இந்தப் பணியின் பெயர்களிலேயே பதிந்துள்ளன. ஆயுதத்தைக் குறிக்கும் எதுவும் அவற்றில் இல்லை.

திருச்சபையின் நிலைப்பாடு என்ன?

குருக்கள் ஆயுதம் ஏந்துவதைத் திருச்சபை பழங்காலம் தொட்டே தடுத்து வந்துள்ளது. எட்டாம் நூற்றாண்டில் புனித போனிபாஸ் காலத்தில் ஜெர்மனியில் கூடிய சங்கம், குருக்கள் போரிடக் கூடாது என்று கூறியது. அதே சமயம், திருப்பலி நிறைவேற்றவும் பாவமன்னிப்பு வழங்கவும் சில குருக்கள் படையோடு செல்லலாம் என்று அனுமதித்தது. அன்று வகுத்த அந்த வேறுபாடு இன்றும் மாறவில்லை.

இன்றைய திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 289-ஆம் விதியின்படி, குருக்களும் குருத்துவத்திற்குப் படிப்பவர்களும் தங்கள் ஆயரின் அனுமதியின்றித் தாமாக முன்வந்து படைப்பணியில் சேரக் கூடாது. இதை நம் குருமாணவர்கள் நன்றாக மனத்தில் கொள்ள வேண்டும். 'மனு போட்டுப் பார்ப்போம், கிடைத்தால் ஆயரிடம் சொல்லிக்கொள்ளலாம்' என்ற போக்கு இங்கே செல்லாது.

அதே நேரத்தில், படைவீரரைத் திருச்சபை கைவிட்டதும் இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற கொள்கைத் திரட்டு 79-ஆம் எண்ணில், நாட்டுக்காகப் படையில் சேவை செய்பவர்கள் தங்களை மக்களின் பாதுகாப்புக்கும் சுதந்திரத்திற்கும் பணியாளர்களாகக் கருத வேண்டும் என்று கற்பிக்கிறது. 1986 ஏப்ரல் 21 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் வெளியிட்ட திருத்தூதுக் கொள்கை விளக்கம் படைவீரர்களுக்கான தனி மறைவட்டங்களுக்கு ஒழுங்குமுறை வகுத்தது. அமெரிக்கா, பிலிப்பைன்ஸ், தென்கொரியா, இந்தோனேசியா முதலிய நாடுகளில் அத்தகைய மறைவட்டங்கள் உள்ளன. அங்கே படைவீரர்களுக்கென்றே ஓர் ஆயர் இருக்கிறார். நம் இந்தியாவில் அப்படித் தனி மறைவட்டம் இல்லை. எனவே இங்கே இந்தப் பணிக்குச் செல்லும் குரு, தம் சொந்த மறைமாவட்ட ஆயரின் குருவாகவே இருக்கிறார்.

நாடுகளின் சட்டமும் இந்தப் பணியின் தனித்தன்மையை ஏற்றுள்ளது. 1949-ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்களின்படி, படையோடு இருக்கும் சமயப் பணியாளரை எதிரிகள் தாக்கக் கூடாது. பிடிபட்டாலும் அவரைப் போர்க்கைதியாகக் கருதாமல், கைதிகளுக்கு ஆன்மப் பணி செய்ய விட வேண்டும். ஆயுதம் ஏந்தாத கைகளுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு.

ஒரு குருமாணவர் படைமுகாமுக்குப் போன கதை

குருமடத்தில் ஓராண்டு, அடுத்து ராணுவம் என்ற அனுபவம் ஒரு திருத்தந்தையின் வாழ்விலேயே நடந்திருக்கிறது. இத்தாலியின் பெர்கமோ அருகே ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்த ஆஞ்சலோ ரொங்காலி, சிறு வயதிலேயே குருமடம் சேர்ந்தார். 1901 தொடக்கத்தில் மேற்படிப்புக்காக ரோமைக் குருமடத்திற்கு வந்தார். ஓராண்டு நிறைவதற்குள் நாட்டின் சட்டப்படி படைப்பணிக்குச் செல்ல வேண்டியதாயிற்று. 1901 நவம்பர் இறுதியில் பெர்கமோ படைமுகாமில் சேர்ந்து, ஓராண்டு சேவை செய்து, சார்ஜன்ட் பதவியோடு திரும்பிக் குருமடப் படிப்பைத் தொடர்ந்தார். 1904-இல் குருவானார்.

கதை அத்தோடு முடியவில்லை. முதல் உலகப் போரில் 1915-இல் அவரை மீண்டும் அழைத்தார்கள். மருத்துவப் பிரிவில் சேவை செய்தார். 1916 முதல் ராணுவ மருத்துவமனைகளில் ஆன்ம குருவாகப் பணியாற்றினார். குண்டடிபட்டுக் கிடந்த இளைஞர்களின் படுக்கையருகே அமர்ந்தார், அவர்களின் பாவ அறிக்கையைக் கேட்டார், சாகும் பிள்ளைகளின் கைகளைப் பிடித்துக்கொண்டார். அவர்தாம் பின்னாளில் திருத்தந்தை 23-ஆம் ஜான். உலகமே அணு ஆயுதப் போருக்கு அஞ்சி நின்ற காலத்தில், 1963 ஏப்ரல் 11 அன்று, 'அவனியில் அமைதி' என்ற சுற்றுமடலை உலகுக்குத் தந்தவர் அவரே. 2014-இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார்.

அன்பர்களே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். போரின் காயங்களை அருகில் இருந்து பார்த்தவர் போரை விரும்பவில்லை, அமைதியின் தூதராக மாறினார். ராணுவத்தில் பணியாற்றும் குரு, போரைப் புகழ்வதற்காக அனுப்பப்படுபவர் அல்லர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் பகுதிக்கும் இதில் ஒரு பழைய தொடர்பு உண்டு. நம் புதுவை மண்ணில் நற்செய்தி அறிவித்து, உள்ளூர்க் குருக்களை உருவாக்கியவர்கள் பாரீசு வேதபோதகச் சபையார். பிரான்சில் 1889-ஆம் ஆண்டுச் சட்டம் குருமாணவர்களையும் ஓராண்டு படைப்பணிக்கு உட்படுத்தியது. சிறுமலர் தெரேசா தம் ஆன்மிகச் சகோதரராக ஏற்று, செபத்தாலும் கடிதங்களாலும் தாங்கிய மோரிஸ் பெல்லியேர் அப்படிப் படைமுகாமில் இருந்த ஒரு குருமாணவர்தான். அவர் படைப்பணியில் இருந்தபோது, கார்மேல் மடத்தில் இருந்த தெரேசா அவருடைய அழைத்தலுக்காக மன்றாடினார். 1914-இல் போர் மூண்டபோது ஆசிய நாடுகளில் பணியாற்றிய பிரெஞ்சு மறைப்பணியாளர் பலரும் தாய்நாட்டுப் படைக்கு அழைக்கப்பட்டார்கள்.

இன்று பிற நாடுகளில்

தென்கொரியாவில் ஆண்கள் அனைவருக்கும் படைப்பணி கட்டாயம். அங்கே குருமாணவர்கள் படிப்பின் இடையில் அதை முடித்துவிட்டுக் குருமடம் திரும்புகிறார்கள். அமெரிக்காவில் வேறு முறை. படைவீரர்களுக்கான உயர்மறைமாவட்டமும் சொந்த மறைமாவட்டமும் இணைந்து ஒரு குருமாணவரின் படிப்புச் செலவை ஏற்கின்றன. அவர் படிக்கும்போதே கோடை விடுமுறையில் ராணுவப் பயிற்சிக்குச் செல்கிறார். ஆனால் குருவாகும் முன் போர்முனைக்கு அவரை அனுப்புவதில்லை. குருவான பிறகும் முதலில் சுமார் மூன்று ஆண்டுகள் சொந்த மறைமாவட்டத்துப் பங்குகளில் பணியாற்ற வேண்டும். பிறகே சீருடை.

இந்த மூன்று ஆண்டுகளின் பொருள் என்ன? திருமுழுக்கு கொடுத்து, திருமணம் நடத்தி, இறந்தோரை அடக்கம் செய்து, குடும்பச் சண்டைகளைத் தீர்த்துப் பழகிய பின்னரே ஒருவரால் முகாமில் தனியாக நின்று பணி செய்ய முடியும். பங்கில் பழகாத குரு, படையிலும் தடுமாறுவார்.

நம் நாட்டில் வழி எப்படி?

இந்தியத் தரைப்படையில் 'சமயப் போதகர்' என்ற பணி உண்டு. பண்டிட், கிரந்தி, மௌல்வி, பௌத்தத் துறவி, பாத்ரே எனப் பல சமயத்தாருக்கும் அதில் இடம் உண்டு. தேர்வு பெறுபவர் நாயிப் சுபேதார் பதவியில், அதாவது ஜே.சி.ஓ. என்ற நிலையில் சேர்கிறார். ராணுவம் அவ்வப்போது அறிவிப்பு வெளியிட்டு விண்ணப்பம் கேட்கிறது.

அறிவிப்புகளில் கேட்கப்படும் தகுதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஏதேனும் ஒரு பாடத்தில் அங்கீகரிக்கப்பட்ட பட்டம் வேண்டும். பாத்ரே பணிக்கு, உரிய திருச்சபை அதிகாரியால் குருவாக அருள்பொழிவு பெற்றவராக இருக்க வேண்டும், தலத்து ஆயரின் ஒப்புதல் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். வயது 25-க்குக் குறையக் கூடாது, மேல் வரம்பு முப்பதுகளின் நடுப்பகுதி. உயரம் பொதுவாக 160 சென்டிமீட்டர். 1600 மீட்டர் தூரத்தை 8 நிமிடத்தில் ஓட வேண்டும். மருத்துவப் பரிசோதனை, எழுத்துத் தேர்வு, நேர்காணல் உண்டு. வயது வரம்பும் மற்ற விவரங்களும் மாறக் கூடியவை. ஆகவே விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இதிலிருந்து நம் குருமாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று.

முதலாவது, குருமடத்தில் இருந்துகொண்டே ராணுவப் பயிற்சிக்குப் போகும் அமெரிக்க முறை இங்கே இல்லை. குருவானவர்தான் விண்ணப்பிக்க முடியும். எனவே ஓராண்டு முடித்த பிள்ளைக்கு அடுத்த படி, குருமடத்தின் இரண்டாம் ஆண்டுதான்.

இரண்டாவது, காலக் கணக்கு. திருச்சபைச் சட்டத்தின் 1031-ஆம் விதிப்படி குருவாகக் குறைந்தது 25 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆனால் பிளஸ் டூ முடித்துச் சேரும் பிள்ளைக்கு ஆயத்த ஆண்டு, கல்லூரிப் படிப்பு, மெய்யியல், களப்பணி, இறையியல் என்று எல்லாம் முடியப் பெரும்பாலும் முப்பதை நெருங்கிவிடும். அதன்பின் சில ஆண்டுகளாவது பங்கில் பணியாற்ற வேண்டும். ஆக, இந்தக் கதவு திறந்திருக்கும் காலம் குறுகியது. ஆவல் உள்ளவர் அதை ஆன்ம இயக்குநரிடமும் அதிபர் தந்தையிடமும் முன்கூட்டியே மனம்விட்டுப் பேசுவது நல்லது. கல்லூரிப் பட்டத்தை அசட்டை செய்யாமல் முடிப்பதும், ஓடி விளையாடி உடலைப் பேணுவதும் இந்தப் பணிக்கு உதவும். இந்தி கற்பதும் அப்படியே.

மூன்றாவது, இடங்கள் மிகக் குறைவு. 2022-இல் வந்த அறிவிப்பில் மொத்தம் 128 சமயப் போதகர் பணியிடங்கள் இருந்தன. அவற்றில் பாத்ரேக்கு 2 இடங்கள் மட்டுமே. இந்தியா முழுவதிலும் உள்ள எல்லாக் கிறிஸ்தவ சபைகளின் குருக்களும் அந்த இரண்டுக்குத்தான் விண்ணப்பிக்க முடியும். ஆகவே, ராணுவத்திற்குப் போவதற்காக மட்டும் குருவாக நினைப்பவர், இடம் கிடைக்காதபோது என்ன செய்வார்? குருத்துவம் ஒரு வேலைக்கான தகுதிச் சான்றிதழ் அன்று. 'ஒரு படைமுகாமைக்கூடப் பார்க்காமல் நம் சிற்றூர்ப் பங்குகளில் சைக்கிளிலும் பைக்கிலும் அலைந்து சாகும்வரை பணி செய்யச் சம்மதமா?' என்ற கேள்விக்கு மகிழ்ச்சியோடு 'ஆம்' சொல்பவரே இதற்கும் ஏற்றவர்.

முதலாண்டு கற்றுத் தருவது என்ன?

2016 டிசம்பர் 8 அன்று வத்திக்கான் வெளியிட்ட குருத்துவப் பயிற்சிக்கான வழிகாட்டி, மெய்யியலுக்கு முன் ஓர் ஆயத்தக் காலம் கட்டாயம் வேண்டும் என்கிறது. அது ஓராண்டுக்குக் குறையாமலும் இரண்டாண்டைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். இந்த ஆண்டில் பெரிய படிப்பு எதுவும் இல்லையே என்று சில பெற்றோர் நினைப்பதுண்டு. உண்மையில் இது அடித்தளம் போடும் ஆண்டு. மௌனத்தில் இருக்கப் பழகுவது, கைப்பேசி இல்லாமல் ஒரு நாளைக் கழிப்பது, பிடிக்காதவரோடும் ஒரே மேசையில் சாப்பிடுவது, கழிவறையைக் கழுவுவது, தன் குறையை இன்னொருவரிடம் ஒளிக்காமல் சொல்வது, இவையெல்லாம் இந்த ஆண்டின் பாடங்கள்.

ராணுவ முகாமில் ஒரு குருவுக்கு இவையே தேவைப்படும். அங்கே அவருக்குப் பங்குப்பேரவை இல்லை, பாடகர் குழு இல்லை, அடுத்த பங்கின் குருவும் அருகில் இல்லை. பல மாதங்கள் ஒப்புரவு அருள்சாதனம் பெறக்கூட இன்னொரு குருவைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியிருக்கும். காலைச் செபத்தைத் தனியே சொல்லப் பழகாதவர் அங்கே ஆறு மாதத்தில் வறண்டு போவார். ஆக, ராணுவக் குருவுக்கான பயிற்சி படைமுகாமில் அல்ல, குருமடத்துச் சிற்றாலயத்தில் தொடங்குகிறது.

முகாமில் அவர் செய்வது என்ன?

ராணுவ அறிவிப்பே இந்தப் பணிகளைப் பட்டியலிடுகிறது. வழிபாடு நடத்துவது, இறந்தோர் அடக்கத்தில் பங்கேற்பது, மருத்துவமனையில் நோயுற்றோரைச் சந்திப்பது, உடல்தேறி வருவோருடன் சேர்ந்து செபிப்பது, தண்டனை அனுபவிக்கும் வீரர்களைப் போய்ப் பார்ப்பது, பிள்ளைகளுக்குச் சமயக் கல்வி தருவது, வீரர்கள் மற்றும் குடும்பங்களின் நலம் பேணுவது. நோயுற்றிருந்தேன், சிறையிலிருந்தேன் என்று மத்தேயு 25-இல் ஆண்டவர் தம்மை யாரோடு ஒன்றாக்கிக்கொண்டாரோ, அவர்களே இந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனித்தீர்களா?

இதை உயிரைக் கொடுத்து வாழ்ந்து காட்டியவர் அமெரிக்கக் குரு எமில் கபாவுன். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் பர்மாவிலும் நம் இந்தியாவிலும் படைவீரருக்குப் பணியாற்றியவர் அவர். 1950 நவம்பரில் கொரியப் போரில், தப்பிக்க வாய்ப்பிருந்தும் காயம்பட்டவர்களை விட்டுப் போக மறுத்துப் பிடிபட்டார். கைதி முகாமில் பசியால் வாடியவர்களுக்கு உணவு தேடித் தந்தார், நோயாளிகளின் துணிகளைத் துவைத்தார், சமய வேறுபாடின்றி அனைவரோடும் செபித்தார். 1951 மே 23 அன்று 35-ஆம் வயதில் அங்கேயே இறந்தார். 2025 பிப்ரவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்திற்குரியவராக ஏற்கும் ஆணைக்கு ஒப்புதல் அளித்தார்.

பல சமயத்தார் நடுவே

நம் ராணுவத்தின் பல முகாம்களில் 'சர்வ தர்ம ஸ்தல்' என்ற பொது வழிபாட்டிடம் உண்டு. ஒரே கூரையின்கீழ் எல்லாச் சமயத்தாரும் தங்கள் முறைப்படி வழிபடுகிறார்கள். தேர்வுபெற்ற சமயப் போதகர்கள் புனே நகரில் உள்ள தேசிய ஒருமைப்பாட்டு நிறுவனத்தில் ஒன்றாகப் பயிற்சி பெறுகிறார்கள். பண்டிட்டும் மௌல்வியும் கிரந்தியும் பாத்ரேயும் ஒருவர் மற்றவர் சமயத்தைப் பற்றியும் அங்கே கற்கிறார்கள்.

நம் பிள்ளைகளுக்கு இது புதிதன்று. மயிலம் முருகன் கோயில் மலையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள் அவர்கள். பக்கத்து வீட்டுப் பொங்கலும் ரம்ஜான் கஞ்சியும் நம் கிறிஸ்துமஸ் பலகாரமும் தெருவைக் கடந்து போய்வருவதைக் கண்டவர்கள். அந்த நல்லுறவோடு தன் விசுவாசத்தில் தெளிவும் சேர வேண்டும். மனச்சான்றுக்கும் படைக் கட்டுப்பாட்டுக்கும் இடையே சிக்கல் எழுவதும் உண்டு. படைப்பிரிவின் வழிபாட்டிடத்தில் கருவறைக்குள் செல்ல மறுத்த ஒரு கிறிஸ்தவ அதிகாரி பணிநீக்கம் செய்யப்பட்டது சரியே என்று 2025 மே மாதம் டில்லி உயர்நீதிமன்றமும், அவ்வாண்டு நவம்பரில் உச்சநீதிமன்றமும் கூறின. அந்த வழக்கை அலசுவது நம் நோக்கம் அன்று. ஆனால் இப்படிப்பட்ட நேரத்தில் ஓர் இளம் வீரனிடம் திருச்சபையின் போதனையைத் தெளிவாகவும், மேலதிகாரியிடம் வீரனின் மனநிலையைப் பணிவாகவும் எடுத்துச் சொல்ல, நன்கு படித்த, பொறுமையுள்ள ஒரு குரு தேவை என்பதை யாரும் மறுக்க முடியாது.

ஒரு குருவை விட்டுக்கொடுக்க மனம் வருமா?

இனி நமக்கான கேள்விக்கு வருவோம். நம் பங்குகள் பலவற்றில் ஒரே குரு நான்கைந்து கிளைக் கிராமங்களைக் கவனிக்கிறார். ஞாயிறு திருப்பலிக்கே நேரம் பங்கிட வேண்டியிருக்கிறது. இந்த நிலையில் நம் ஊரில் பிறந்து, நம் காணிக்கையில் படித்துக் குருவான பிள்ளையை எங்கோ எல்லைக்கு அனுப்ப நமக்கு மனம் வருமா? அந்தத் தயக்கம் நியாயமானதே. இந்தியாவில் இந்தப் பணியில் சேர்பவர் ஓரிரு ஆண்டில் திரும்பி வந்துவிட முடியாது. ஆயரும் அதனால்தான் பலமுறை யோசிக்கிறார்.

குடும்பத்தாரும் ஒன்றை யோசிக்க வேண்டும். அரசுச் சம்பளம், ஓய்வூதியம், கேன்டீன் சலுகை என்பவற்றை முன்னிறுத்தி ஒரு குருவை இப்பணிக்குத் தூண்டுவது அவருக்கு நாம் செய்யும் தீங்கு. தோளில் நட்சத்திரம் ஏறும்போது தலைக்கனமும் ஏறினால் வீரர்கள் அவரிடம் மனம்திறக்க மாட்டார்கள். சாதாரணச் சிப்பாய் பயமின்றி வந்து அழக்கூடிய ஒரே இடமாக அவர் இருக்க வேண்டும்.

ஆனாலும் அன்பர்களே, கணக்குப் பார்த்தால் தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டு ஒன்றைத் தேடிப் போன ஆயனின் உவமை நமக்குப் புரியாது. தனிமையில், மனச்சோர்வில், வீட்டுக் கவலையில், சாவின் நிழலில் இருக்கும் ஒரு வீரனுக்கு, தந்தையைப் போல ஒருவர் அருகில் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல்! அவனும் யாரோ ஒரு தாயின் பிள்ளை. அவன் நம் பங்கின் பிள்ளையாகவும் இருக்கலாம்.

நாம் இன்றே செய்யக் கூடியவை

ராணுவக் குருக்கள் ஒருசிலரே. எல்லா முகாமுக்கும் அவர்களால் போக இயலாது. ஆகவே அவர்களின் பணியில் ஒரு பகுதி நம்மிடம் இருக்கிறது.

நம் பங்கிலிருந்து படையில், துணை ராணுவத்தில் இருப்போரின் பெயர்ப் பட்டியல் பங்கு அலுவலகத்தில் இருக்கட்டும். ஞாயிறு மன்றாட்டில் மாதம் ஒருமுறையாவது அவர்களை நினைப்போம். விடுமுறையில் வருபவரைப் பங்குத்தந்தை சந்திக்க ஏற்பாடு செய்வோம். அவர் பணியாற்றும் ஊரில் கத்தோலிக்க ஆலயம் எங்கே இருக்கிறது என்று கண்டு சொல்வதும் ஓர் உதவிதான். படைமுகாம் நகரங்களில் அருகிலுள்ள பங்கு ஆலயங்களே பெரும்பாலும் நம் வீரர்களுக்கு அடைக்கலம்.

ஊரில் தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் வீரர்களின் மனைவியரை அன்பியக் கூட்டங்கள் மறக்கலாகாது. 2022 முதல் அக்னிவீரர் திட்டத்தில் இளைஞர்கள் நான்காண்டுப் பணிக்குச் சேர்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் இருபதுகளின் தொடக்கத்திலேயே ஊர் திரும்புவார்கள். அடுத்து என்ன என்ற கவலையோடு வரும் அந்தப் பிள்ளைகளைப் பங்கு அரவணைக்க வேண்டும்.

குருமடத்தில் முதலாண்டை முடித்து வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. எதிர்காலத்தில் எந்த உடை, எந்த ஊர் என்பதை ஆண்டவரிடமும் ஆயரிடமும் விட்டுவிடுங்கள். இந்த விடுமுறையில் உங்கள் தெருவில் படைக்குப் போன பிள்ளையின் பெற்றோர் இருந்தால், ஒருநாள் மாலையில் அவர்கள் வீட்டுக்குப் போய் அமர்ந்து ஒரு பத்துமணி செபமாலை சொல்லுங்கள். அவர்கள் பிள்ளையைப் பற்றிச் சொல்வதைக் கேளுங்கள். நீங்கள் விரும்பும் பணியின் முதல் பயிற்சி அதுவே.

செபிப்போம்: நூற்றுவர் தலைவரின் விசுவாசத்தைக் கண்டு வியந்த ஆண்டவரே, எல்லைகளில் காவல் நிற்கும் எங்கள் பிள்ளைகளைக் காத்தருளும். அவர்களோடு நடக்கும் குருக்களுக்குத் தாழ்ச்சியும் துணிவும் தாரும். எங்கள் குருமாணவர்களை உம் இதயத்திற்கேற்ற ஆயர்களாக உருவாக்கும். போர்கள் ஓய்ந்து, எல்லா நாட்டுப் படைவீரரும் நலமாய் வீடு திரும்பும் நாளை விரைவில் எங்களுக்குக் காட்டியருளும். ஆமென்.